ஒளித்து வைத்த பதினைந்து சென்டிமீட்டர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் அக்கா சோபாவில் செருப்புக் காலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் தூங்குகிற ஆளே இல்லை அவள். பயந்துபோய்ப் பக்கத்தில் சென்று பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. செருப்பையாவது கழற்றிவிடலாம் என்று வலது காலைத் தொட்டபோது, கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சுடி."

"என்னது?"

"ஒளிச்சு வெச்சிருந்தது."

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

கையில் ஒற்றைச் செருப்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காதல் என்றுதான் நினைத்தேன். மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துத் தள்ளுகிற ஒருத்திக்கு வேறென்ன தோன்றும்? பிடிபட்ட கடிதம், ரயில் நிலையம், கழற்றப்பட்ட கையுறை என்று மூன்று மணி நேரத்தில் பாதி நாவலை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். எட்டு மணிக்கு எழுந்தவள் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள். அவள் ஒளித்து வைத்திருந்தது பதினைந்து சென்டிமீட்டர் கான்கிரீட்.

சப்பென்று ஆகிவிட்டது எனக்கு. அதை எழுத வேண்டும் என்று தோன்ற இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "நகரத்தின் மருத்துவமனைக்கு மேல் வானம் ஒரு நனைந்த —"

விட்டுவிட்டேன். வானம் எதைப் போல நனைந்திருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இரண்டாவது தொடக்கத்தில் ஒரு மனிதர் வந்தார். "நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்த அந்தக் கடிகாரம் பழுதுபார்ப்பவர், டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்." எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அக்காவிடம் காட்டினேன்.

"யாருடி இவரு?"

"நோயாளி."

"முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டச் சொல்லு. கைய வெளிய நீட்டாம ஊசிய எங்க குத்துவாங்க?"

கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். கோட்டு இல்லாமல் அவரிடம் ஒன்றுமே இல்லை.*

* அவருக்குக் கடிதம் எழுதாத ஒரு மகளும் இருந்தாள். அவளையும் அனுப்பிவிட்டேன். இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்களோ.

மூன்றாவது தொடக்கத்தை அக்காவே கொடுத்தாள். "மாடிக்கும் மாடிக்கும் நடுவுல மூணு மீட்டர் அறுபது. அங்கேருந்து ஆரம்பி. மத்ததெல்லாம் தானா வரும்."

3

மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மூன்று மீட்டர் அறுபது.

பழைய மருத்துவமனை ஒன்று. அதை ஒட்டினாற்போல் ஒரு புதிய கட்டடம் வரப்போகிறது. இரண்டாம் மாடியில் டயாலிசிஸ் கூடம். சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்யும் இடம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பழைய கட்டடத்திலிருந்து கட்டிலோடு தள்ளிக்கொண்டு வருவார்கள் என்பதால், இரண்டு கட்டடத் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். பழையதில் ஒரு தரைக்கும் அடுத்த தரைக்கும் மூன்று அறுபது. புதியதிலும் அதே. ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்ட வழியில்லை.

அந்த மூன்று அறுபதுக்குள் எல்லோரும் அடங்க வேண்டும். மேலே அடுத்த மாடியின் தரைக்கல். அதைத் தாங்கும் பீம். பீமுக்கு அடியில் ஏசி காற்று போகிற தகரக் குழாய். அதற்கும் கீழே விளக்குகள், எல்லாவற்றையும் மூடுகிற சீலிங் பலகை. இவையெல்லாம் போக மிச்சம்தான் மனிதர்களுக்கு.

பீம் என் அக்காவுடையது. கட்டடம் விழாமல் நிற்க எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்று சொல்கிற பொறியாளர் அவள். தரைக்கல்லும், மொத்தக் கட்டடத்தின் உருவமும் ஆர்க்கிடெக்டுடையது; எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார், ஆனால் மறக்கமாட்டார். தகரக் குழாய் காத்து சாருடையது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்லும் முன் கையை உயர்த்தி, காற்று வருகிறதா என்று பார்ப்பதால் அந்தப் பெயர். விளக்குகளுக்கு ஒருவர் இருந்தார். பல்பு அண்ணன். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வாக்கியம், அதற்கு மேல் பேசமாட்டார்.

ஐந்தாவதாக ஒருவர் இருந்தார்; அவர் எதையும் வரையவில்லை. அந்தக் கூடத்தின் தலைமைச் செவிலியர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். முதல் கூட்டத்தில் அரை மணி நேரம் ஜன்னல்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் கேட்டார்:

"இந்த ஜன்னலெல்லாம் யாருக்கு சார்?"

"நோயாளிங்களுக்குத்தான் சிஸ்டர்."

"எங்க ஆளுங்க நிக்கிறதில்லையே. படுத்திருக்காங்க. படுத்தா இதுல எதிர்ச் சுவரும் சுவிட்ச் போர்டும்தான் தெரியும்."

ஆர்க்கிடெக்ட் "பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் புதிதாக ஒரு ஜன்னலை வரைந்து கொண்டுவந்தார். கதவு உயரத்துக்கும் மேலே, சுவரின் நீளம் முழுக்க ஓடுகிற ஒரு பட்டை. உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர்தான். நின்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டிலில் படுத்தால் நேரே கண்ணுக்கு வரும், வானம் மட்டும்.

சிஸ்டர் அந்தப் படத்தைப் பிரதி எடுத்துப் பழைய கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். யாருக்கு எந்தக் கட்டில் என்று சண்டையே நடந்ததாம்.

பிறகு எல்லோருடைய வரைபடங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கல்லுக்குப் பத்து. பீமுக்கு அறுபத்தைந்து. குழாய்க்கு நாற்பத்தைந்து. விளக்குக்கும் பலகைக்கும் இருபது. கூட்டினால் நூற்று நாற்பது. சீலிங் தரையிலிருந்து இரண்டு மீட்டர் இருபதுக்கு இறங்கி வந்துவிட்டது. சரியாக அந்தப் பட்டை ஜன்னல் தொடங்குகிற இடம். ஜன்னல் முழுசும் சீலிங்குக்கு மேலே, தகரத்தோடும் தூசியோடும் மாட்டிக்கொண்டது.

"குழாய்க்கு வானம் தெரியும்," என்றார் பல்பு அண்ணன். அன்றைக்கு அவருடைய இரண்டு வாக்கியங்களில் அது ஒன்று.

4

[பிரதியின் ஓரத்தில் அக்கா, பச்சை மையில்: சென்டிமீட்டர் ரொம்ப வருது. படிக்கிறவங்க ஓடிருவாங்க.]

இனிமேல் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க வேண்டும்: ஜன்னலுக்கு நாற்பத்தைந்து குறைகிறது.

5

அக்காவின் அலுவலகத்தில் ஒரு சொல் உண்டு. தலையணை. தேவைக்கு மேல் ரகசியமாகச் சேர்த்துக்கொள்கிற அளவு. பாதுகாப்புக்காகச் சட்டப்படி சேர்ப்பது வேறு. அதைக் கணக்கிலேயே காட்டிவிடுவார்கள். இது அதற்கும் மேலே, யாரிடமும் சொல்லாமல், நிம்மதியாகத் தூங்குவதற்காக வைப்பது.

அக்காவின் அறுபத்தைந்து சென்டிமீட்டர் பீம் ஐம்பதிலேயே நிற்கும். பதினைந்து தலையணை.

ஆரம்பத்தில் அவள் அப்படி இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நூலகத்துக்கு உண்மையான அளவையே கொடுத்தாள். வேலை பாதியில் இருக்கும்போது காய்ச்சலில் நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், அவளுடைய பீமின் நட்டநடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை. தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு யாரோ துளைத்துவிட்டார்கள். "ஒரு ஓட்டைதானே மேடம்" என்றார்களாம். அடியில் இரும்புக் கால்கள் நிறுத்தி, அந்த ஒரு ஓட்டையைச் சரிசெய்ய நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் வீட்டில் மேசை நகர்கிற சத்தம் கேட்டாலே திடுக்கிடுவாள்.

அதன் பிறகு யார் எந்தக் கட்டடத்துக்குக் கேட்டாலும் தலையணையோடுதான் கொடுப்பாள். துளைத்துக்கொள்ளட்டும். கட்டடம் நிற்கும்.

இங்கேதான் அவளுக்குச் சங்கடம் தொடங்கியது. மூன்று கூட்டங்களில் அவளிடம் கேட்டார்கள், பீமைக் குறைக்க முடியுமா என்று. மூன்றிலும் முடியாது என்றாள். மூன்றாவது தடவை எழுத்தில் கேட்டார்கள். எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்: ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாது.

இப்போது உண்மையைச் சொன்னால் பொய்க் கையெழுத்துப் போட்டவள் ஆகிவிடுவாள். அடுத்த கட்டடத்தில் அவள் எண்ணை யார் நம்புவார்கள்? சொல்லி அந்த அவமானத்தை வாங்கிக்கொண்டாலும் கிடைக்கப்போவது பதினைந்துதான். ஜன்னலுக்கு வேண்டியது நாற்பத்தைந்து. மானமும் போய் ஜன்னலும் போகும்.

மருத்துவமனையிலிருந்து சுருக்கமாக ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஜன்னலை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

6

செவ்வாய்க்கிழமை, ஆர்க்கிடெக்டின் அலுவலக நடைவழியில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் காத்து சாரும் அக்காவும்:

"மேடம், ஒரு பத்து குடுங்களேன்."

"எங்கேருந்து சார்? பீம் என்ன ரப்பரா?"

"அம்பத்தஞ்சுல நிக்காதா?"

"நிக்காது." காபி இயந்திரத்தின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க குழாயைக் கொஞ்சம் சப்பையாக்குங்க."

"சப்பையாக்கினா காத்து விசில் அடிக்கும் மேடம். அப்புறம் சிஸ்டர் என்னை அடிப்பாங்க."

"ஒரு பத்துகூடவா முடியாது?"

"முடிஞ்சா குடுக்கமாட்டேனா?" காத்து சார் இப்போது கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைக்கத் தொடங்கினார்.

இருவரும் சிரித்தார்கள். இருவரும் கோப்பையை எடுத்துக்கொண்டு வெவ்வேறு பக்கம் போனார்கள்.

[காத்து சார், பென்சிலில்: நான் காபி குடிக்கிறதில்ல. அது வெந்நீர். மத்தபடி சரி.]

7

புதன்கிழமை சிஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். பழைய கூடத்தில் சுவரோரம் ஒரு விரிசல், வந்து பார்க்க முடியுமா என்று. அக்கா போனாள். விரிசல் ஒன்றும் பெரிதில்லை, பூச்சு வேலை. திரும்பி நடக்கும்போது மூன்றாவது கட்டிலில் இருந்தவர் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் என் கை துறுதுறுவென்று இருந்தது. கோட்டுக்காரரை மறுபடி கூட்டிவந்து படுக்க வைக்கலாம், மகளிடமிருந்து ஒரு கடிதம் வரவைக்கலாம். ஆனால் மூன்றாவது கட்டிலில் இருந்தவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசியது இவ்வளவுதான்:

"நீங்கதானே அந்த ஜன்னல் கட்டுறவங்க?"

"நான் பீம் போடுறவங்க."

"சரி, ரெண்டும் ஒண்ணுதானே. எனக்கு நாலாவது கட்டில்னு சொல்லி வெச்சிருக்கேன். பாத்துக்குங்க."

"சரிங்க."

"இந்தச் சீலிங்ல நூத்திப் பன்னெண்டு சதுரம் இருக்கு. எண்ணி எண்ணி அலுத்துப்போச்சு."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். எண்ணவில்லை.

8

இப்போது வியாழக்கிழமை வர வேண்டும். அதற்கு நான் இரண்டு வடிவம் எழுதினேன்.

முதல் வடிவம்: "அக்கா மெல்ல எழுந்து நின்றாள். அறை அமைதியானது. 'நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன்' என்று அவள் சொன்னபோது, ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை —"

[அக்கா: நான் அவ்வளவு நல்லவ இல்ல. எழுந்தும் நிக்கல. அந்த ரூம்ல ஜன்னலே கிடையாது.]

இரண்டாவது வடிவம்: "காத்து சார் மேசையை ஓங்கித் தட்டினார். 'எனக்குத் தெரியும் மேடம், நீங்கள் மறைக்கிறீர்கள்' என்று —"

[காத்து சார்: எனக்கு எதுக்கும்மா வில்லன் வேஷம்? மேசையைத் தட்டினா கை வலிக்கும். நடந்ததை எழுதிடேன்.]

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

9

ஆர்க்கிடெக்டின் கூட்ட அறை. காலை பதினொன்று. காத்து சார் நுழைந்து, கையை உயர்த்தி, திருப்தியில்லாமல் உட்கார்ந்தார். ஐந்து பேருடைய முகத்திலும் ஒரு ஜன்னலுக்கு வழியனுப்பு விழா நடத்த வந்த களை.

அவர்களுடைய வழக்கம் இது: ஒவ்வொருவரும் தத்தம் வரைபடத்தைக் காலையிலேயே அனுப்பிவிடுவார்கள். ஆர்க்கிடெக்ட் எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சுவரில் பெரிதாகக் காட்டுவார். பீம் நீலம், குழாய் பச்சை, விளக்கு மஞ்சள். ஒவ்வொருவருடைய வரைபடத்திலும் பல லேயர்கள் இருக்கும். கண்ணாடித் தாள்கள் மாதிரி. தனக்கு மட்டும் வேண்டியதை ஒரு லேயரில் போட்டுவைத்து, அனுப்பும்போது அணைத்துவிடுவார்கள்.

சுவரில் படம் வந்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். நீல பீமின் அடிப்பகுதியில், முழு நீளத்துக்கும் சிவப்புக் கோடு கோடாக ஒரு பட்டை. அதன் மேல் கொட்டை எழுத்தில் இரண்டு சொல்.

"தலையணை பதினஞ்சு," என்று வாசித்தார் பல்பு அண்ணன்.



"தலையணையா?" என்றார் சிஸ்டர். "அதெல்லாம் நாங்களே குடுத்துருவோமே மேடம். நீங்க எதுக்கு?"

அக்காவுக்குக் காது சுட்டது. நாற்காலிக்கு அடியில் தரை இருக்கிறதா என்று காலால் தேடினாள். இருந்தது. வேறு யாரோ கணக்குப் போட்ட தரை. அதற்குள்ளும் ஒரு தலையணை இருக்கும் என்று சம்பந்தமில்லாமல் நினைத்துக்கொண்டாள்.

"மேடம்?" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"அது தேவையில்லாத பதினஞ்சு சார்," என்றாள் அக்கா. குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது. "பீம் அம்பதுலயே நிக்கும்."

"ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாதுன்னீங்களே," என்றார் காத்து சார்.

"ஆமா சார்."

"மூணு மீட்டிங்ல."

"ஆமா."

"எழுத்துல வேற."

"ஆமா சார். பொய்தான் எழுதினேன். யாராச்சும் துளைச்சுருவாங்கன்னு பயம்."

"யாரு துளைப்பா?"

"நீங்கதான்."

பல்பு அண்ணன் இருமினார். காத்து சார் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் குழாய் முப்பதுதான்," என்றார்.

"எது?"

"நாப்பத்தஞ்சு இல்ல. முப்பது போதும். அகலத்தைக் கூட்டிக்கிட்டா விசிலும் அடிக்காது."

"அப்புறம் எதுக்கு சார் நாப்பத்தஞ்சு?"

"கடைசி நேரத்துல நீங்க பீமைக் கீழ எறக்குவீங்க. எப்பவும் யாராவது எறக்குறாங்க. அப்ப நான் எங்க போறது?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அவருக்குப் பயந்து பதினைந்து ஒதுக்கியிருந்தாள். அவர் அவளுக்குப் பயந்து பதினைந்து ஒதுக்கியிருந்தார். இத்தனை நாளாக அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது அவர்கள் இருவருடைய மரியாதையான பயம்.

"நீங்க எப்படிண்ணே?" என்று கேட்டாள் அக்கா, திரும்பி.

பல்பு அண்ணன் கூரையைப் பார்த்தார். "எனக்குப் பத்து போதும்," என்றார். "இருபதுன்னு சொன்னா பதினஞ்சாவது கிடைக்கும்னு சொன்னேன். யாருமே குறைக்கச் சொல்லல, அப்படியே விட்டுட்டேன்."

இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவர் பேசி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

ஆர்க்கிடெக்ட் காகிதத்தில் எழுதினார். பதினைந்து. பதினைந்து. பத்து. கூட்டினார். நாற்பது.

"அஞ்சு குறையுது," என்றார் சிஸ்டர். அவரும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

மூன்று பேரும் தத்தம் வரைபடத்தை மறுபடி பார்த்தார்கள். இனி நிஜமாகவே ஒன்றும் இல்லை. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மானத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு, ஐந்து சென்டிமீட்டரில் ஜன்னல் போவதா? ஜன்னலைக் கொஞ்சம் ஒடுக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆர்க்கிடெக்ட் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் சிஸ்டர். நோயாளி மாத்திரையை முழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறவரின் குரல் அது. "நீங்க ஒண்ணும் சொல்லலையே."

பென்சில் நின்றது.

"தரைக்கல்லுக்குப் பத்து போட்டிருக்கேன்," என்றார் ஆர்க்கிடெக்ட். "அஞ்சு போதும்."

"நீங்களுமா சார்?"

"எப்படியும் நீங்கள்லாம் வந்து கேப்பீங்கன்னு தெரியும். கேக்கும்போது யோசிக்கிற மாதிரி யோசிச்சு, பெருந்தன்மையா விட்டுக்குடுக்கலாம்னு…"

காத்து சார்தான் முதலில் சிரித்தார். அது தும்மல் மாதிரி கிளம்பி, மேசையைச் சுற்றி வந்து, கடைசியில் ஆர்க்கிடெக்டையும் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து என்று காகிதத்தில் தானே எழுதி, இரண்டு தடவை சுழித்து, எல்லோரிடமும் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க. யாரும் வெளிய போறதுக்கு முன்னாடி."

போட்டார்கள். காத்து சார் அக்காவின் பீம் படத்தை வாங்கி அதிலும் ஒரு கையெழுத்துப் போட்டார், அவளைக் கேட்காமல் அதைத் துளைக்கமாட்டேன் என்பதற்கு. அக்கா அவருடைய குழாய்ப் படத்தில் போட்டாள், சொல்லாமல் பீமை இறக்கமாட்டேன் என்று. அந்த வழக்கம் இன்றுவரை அவர்களிடம் இருக்கிறது. மற்ற அலுவலகங்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கின்றன.

வெளியே வரும்போது அக்கா காத்து சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "சார், இனிமே என் நம்பரை நம்புவீங்களா?"

"இனிமேதான் நம்ப முடியும். இத்தனை நாளா உங்க நம்பர் எதுன்னே எனக்குத் தெரியாதே."

அவள் நேராக வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்தாள்.

10

எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு நான் மட்டும் பேசாமல் இருப்பது அழகில்லை. இந்தக் கதைக்குள்ளும் தலையணைகள் இருக்கின்றன.

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடந்த பேச்சு தொலைபேசியில் நடந்தது. கண்கள் வேண்டும் என்பதற்காக நான்தான் அவர்களை நடைவழிக்குக் கூட்டிவந்தேன். (வெந்நீர் குடித்ததாகக் காத்து சார் எழுதியிருப்பதை என்னவென்று சொல்ல? நான் கட்டிய இடத்தில் குடியே வந்துவிட்டார்.) பேருந்து நடத்துநர் சதுரங்களின் எண்ணைச் சொல்லவில்லை, "எவ்வளவோ" என்றுதான் சொன்னார். நூலக ஓட்டை தட்டு அளவு இல்லை, அதைவிடச் சின்னது. அக்கா அதைப் பற்றிப் பேசும்போது கையால் காட்டுகிற அளவை எழுதினேன்.

நீங்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்களோ என்ற பயத்தில் வைத்தவை இவை. நீங்களும் ஏதோ கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் வாசித்திருப்பீர்கள்: முழுக்க நம்பிவிடக் கூடாது, கடைசியில் ஏமாற்றிவிடுவாள் என்று. அப்படிப் பார்த்தால் நமக்கு நடுவிலும் ஒரே பயத்துக்கு இரண்டு பேர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். என்னுடையதை எடுத்துவிட்டேன்.

11

கட்டடம் திறந்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் சிஸ்டர் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நாலாவது கட்டிலிலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது, காலை பத்து மணிக்குக் கண்ணில் வெயில் அடிக்கிறதாம். "வெயில் அடிக்குதுன்னு புகார் மேடம்," என்று மூன்று தடவை சொன்னாராம், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக. பல்பு அண்ணன் போய் ஒரு திரை மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் நடத்துநர் அதைச் சுருட்டி வைத்துவிட்டார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் இடிக்கிறது.

அக்காவின் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. வரைபடம் அனுப்பும் முன் பார்க்க வேண்டிய ஏழு விஷயங்கள். நாலாவது வரி: தலையணையை அணை. ஆறு வருடமாக ஒவ்வொரு முறையும் ஏழு வரியையும் விரல் வைத்துப் பார்க்கிற ஆள் அவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்க்கிற ஆள். அந்த ஒரு வியாழக்கிழமை மட்டும் எப்படி விட்டுப்போயிற்று?

கேட்டேன்.

"ஒரு ஃபோன் வந்துச்சுடி. பேசிட்டு வந்து அனுப்பிட்டேன்."

"யாரு பேசினாங்க?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட என்ன பேசின?"

அக்கா என்னைப் பார்த்தாள். "கதையில எல்லாத்தையும் நீயே எழுதினா படிக்கிறவங்க எதுக்கு?" என்றாள். பச்சைப் பேனாவை மூடினாள்.

மறந்துவிட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாக இருந்தது. மறக்கவில்லை என்று இன்னொன்று எழுதினேன். அதுவும் நன்றாக இருந்தது. தான் மறந்தோமா என்று அவளுக்கே தெரியாது என்று மூன்றாவதாக ஒன்று —

போதும். பயப்படாதீர்கள், ஜன்னலுக்கு இனி ஆபத்தில்லை. அது கட்டி முடித்துக் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. நீங்கள் எது செய்தாலும் நாலாவது கட்டிலில் வெயில் விழும். அதனால் நிதானமாக வாருங்கள். நேரம் காலை ஒன்பது முப்பத்தெட்டு. அறையில் யாரும் இல்லை. வரைபடம் தயார். நீல பீமின் அடியில் சிவப்புப் பட்டை தெரிகிறது. சீட்டில் மூன்று வரி முடிந்து, விரல் நாலாவதில் நிற்கிறது. தொலைபேசி அடித்தாலும் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம்.

நான் எழுந்துகொள்கிறேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.